சென்றாயனுக்கு வராத சொல்

“எனக்கு எப்பம்மா பெட்டியைத் திறக்க விடுவீங்க?”

சென்றாயன் இதைக் கேட்பது அந்த வாரத்தில் நான்காவது தடவை.

“தயாரானதும் திறக்கலாங்கய்யா,” என்றாள் ஜெயசீலி.

“குருவி தயாராகிட்டே இருக்குதே?”

“நான் குருவியைச் சொல்லலை.”

சென்றாயன் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அது சுலபமான காரியம் அல்ல.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்தாறு.

சின்ன மலையூர் அது. பள்ளத்தாக்கு தெரிய வேண்டும் என்று விடுதிக்காரர்கள் சுவர் இருக்கிற இடத்தில் எல்லாம் கண்ணாடி வைத்துக் கட்டிவிட்டார்கள். கண்ணாடியில் மரம் தெரியும். வானம் தெரியும். பறவைக்கு அது மரம்தான், வானம்தான். நேராக வந்து மோதும். பொத்தென்று விழும்.

விழுந்ததை யாராவது எடுத்துக்கொண்டு ஜெயசீலியிடம் வருவார்கள். மாட்டாஸ்பத்திரியில் அவளுக்கு உதவியாளர் வேலை. வனத்துறைக்கு போன் போட்டுத் தகவல் சொல்வாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அறைக்குக் கொண்டுபோவாள்.

அங்கே செருப்புப் பெட்டிகள் இருக்கும். மூடியில் ஆறு ஓட்டை. உள்ளே பழைய பருத்தித் துணி. மூடிவிட்டு, இருட்டில் வைத்துவிட்டு, விலகிப் போய்விடுவாள். பாதிப் பறவைகள் இரண்டு மணி நேரத்தில் தாமாகவே தெளிந்துவிடும். மீதிக்குத்தான் வைத்தியம்.

சென்றாயன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வருஷம் மலை வண்டி. கொண்டை ஊசி வளைவில் கடைசி சீட்டில் தூங்குகிறவரும் எழுந்து உட்காருவார், அப்படி ஒரு குரல்.

அவர் சீடரானது ஒரு புறாவால்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், பச்சை இறக்கை வைத்த காட்டுப் புறா ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

“அம்மா, மூச்சு இருக்குது! வர்ற வழியில பெருமாள் கோயில் தீர்த்தம்கூட ஊத்திட்டேன்.”

ஜெயசீலி புறாவை வாங்கினாள். அலகைத் துடைத்தாள். கழுத்தை மெல்லத் தாங்கிப் பிடித்தாள்.

“எங்க ஊத்துனீங்க?”

“வாயிலதான்.”

“எவ்வளவு?”

“ரெண்டு உத்தரணிக் கரண்டி.”

புறாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“மயக்கத்துல இருக்கிறதுக்கு முழுங்கத் தெரியாதுங்கய்யா. தண்ணி நேரா நெஞ்சுக்குப் போயிடும்.”

சென்றாயனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

“புண்ணியம்னு நினைச்சு ஊத்துனேன்மா.”

“தெரியுதுங்கய்யா.”

“இனி நான் என்ன பண்றது?”

“நாளைக்கு வாங்க. ஒண்ணும் ஊத்தாம இருக்கக் கத்துக்கலாம்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து நின்றார்.

முதல் பாடம், பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது.

சென்றாயன் உட்கார்ந்தார். உள்ளே ஒரு மீன்கொத்தி. பத்து நிமிஷம் ஆனது. கை பரபரத்தது. கண்ணை மூடி, பெருமாள் மேல் ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

ஜெயசீலி உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

“யாருக்குப் பாடறீங்க?”

“பெருமாளுக்கு. இது பிழைக்கணுமே.”

“பெருமாளுக்கு மெதுவாச் சொன்னாலும் கேக்கும். இதுக்கு உங்க குரல் பூனை மாதிரிக் கேக்கும்.”

“பூனையா!”

“பெரிய பூனை.”

அன்றிலிருந்து உதடு மட்டும் அசையும்.

ஒரு நாள் கேட்டார். “நீங்களும் ஜெபம் பண்ணுவீங்களாம்மா?”

“பண்றேனே.”

“நான் பார்த்ததே இல்லையே. எப்போ?”

“மூடியை மூடும்போது.”

“திறக்கும்போது?”

“அப்போ நேரம் எங்கே இருக்குது? பறந்துடுது.”

இந்தப் பதிலில் சென்றாயன் உருகிப்போனார். “குருவே!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“என்னங்கய்யா இது, குருவியில பாதியை வெட்டிட்டு என்னைக் கூப்பிடறீங்க?”

அப்புறம் அவர் அப்படிக் கூப்பிடுவதில்லை. மனசுக்குள் மட்டும்.

ஒரு குக்குறுவான் தேறியது. பச்சையாக, கோலிக்குண்டுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். அதை விடுகிற நாளில்தான் சென்றாயன் முதல் தடவை பெட்டி திறப்பதைப் பார்த்தார்.

ஜெயசீலி பெட்டியை வெளியே எடுத்துப் போனாள். ஆலமரம் இருக்கிற பக்கமாகத் திருப்பி வைத்தாள். மூடியை எடுத்தாள்.

“போ,” என்றாள்.

அது போய்விட்டது.

சென்றாயன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“அம்மா! நல்ல காரியத்துல அப்படிச் சொல்லலாமா? போயிட்டு வான்னு சொல்லுங்க!”

“எங்கே வரச் சொல்றீங்க?”

அவர் சுற்றிலும் பார்த்தார். வலது பக்கம் ஒரு விடுதி. இடது பக்கம் ஒரு விடுதி. இரண்டும் வெயிலில் பளபளவென்று மின்னின.

“எங்கேயோ. பேச்சுக்கு வரட்டுமே.”

“இதுங்களுக்குப் பேச்சுக்கு வரத் தெரியாதுங்கய்யா. வந்தா வந்துடும்.”

சென்றாயனுக்கு மனசு ஆறவில்லை. “எங்க வீட்டுல பால்காரரைக்கூட நாங்க போன்னு சொன்னது கிடையாது. பிச்சைக்கு வந்தவங்களைக்கூடப் போயிட்டு வாங்கன்னுதான் சொல்லுவோம்.”

“கொசுவை?”

சென்றாயன் யோசித்தார்.

“கொசுவையும் போன்னு சொன்னதில்லைம்மா. அடிச்சுடுவேன்.”

ஜெயசீலி சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு மைனா. லேசான அடி. “இதை நீங்களே விடுங்க,” என்று பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

சென்றாயன் பெட்டியைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். கொல்லைப்புறத்தில் திறந்தார்.

“போயிட்டு வா கண்ணு! பத்திரமாப் போயிட்டு வா!”

வழிக்கு ஆகட்டும் என்று ஜன்னல் விளிம்பில் ஒரு பிடி பொரியும் வைத்தார். மைனா நன்றாகத் தின்றுவிட்டுப் பறந்தது.

மறுநாள் காலையில் அது பொரி தேடி வந்தது. கண்ணாடி ஜன்னல் சாத்தியிருந்தது.

அதே மைனா. அதே பெட்டி. மறுபடியும் ஜெயசீலி வீட்டு வாசல்.

“திரும்ப வந்துடுச்சுங்களா?” என்றாள்.

சென்றாயன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“வான்னு கூப்பிட்டீங்க. பாவம், சொன்ன பேச்சைக் கேட்டுச்சு.”

மைனா பிழைத்துக்கொண்டது. இரண்டு நாள் தலை சுற்றலோடு போயிற்று. இந்தத் தடவை மூடியை ஜெயசீலிதான் திறந்தாள். “போ” என்றாள். அது போனது போனதுதான்.

சென்றாயன் அதற்குப் பிறகு பெட்டி திறக்கவில்லை. போ என்று சொல்ல வருகிற அன்றைக்குத் திறக்கலாம் என்று ஜெயசீலி சொல்லிவிட்டாள்.

அவர் வீட்டில் பயிற்சி எடுத்தார். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, “போ… போயி… போயிட்டு…”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“யாரைப் போகச் சொல்றீங்க? என்னையா?”

“குருவியை.”

“குருவி எங்கே இருக்குது?”

“இனிமேதான் வரணும்.”

“வராத குருவியைப் போகச் சொல்றீங்களாக்கும்.” பச்சையம்மாள் கரண்டியை நெற்றியில் வைத்துக்கொண்டாள். “முப்பத்து மூணு வருஷம் பஸ்ஸைப் போ போன்னு விரட்டின வாய்தானே? இப்ப என்ன வந்தது?”

“பஸ் ராத்திரிக்கு டிப்போவுக்கு வந்துடும்டி.”

“பேரே சென்றாயன். போன்னு சொல்ல வரலையாம்.”

பங்குனி மாதத்தில் அந்தக் குருவி வந்தது.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே கிடந்ததை சென்றாயனே பார்த்தார். தண்ணீர் தேடவில்லை. சத்தம் போடவில்லை. தோளில் இருந்த துண்டை அதன்மேல் போட்டார். மெல்ல எடுத்தார். பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வைத்து மூடினார். பஸ் குலுங்கும் என்று நான்கு மைல் நடந்தே வந்தார்.

ஜெயசீலி கதவைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

“ஒண்ணும் ஊத்தலைம்மா!”

ஜெயசீலி மூடியை இரண்டு விரல் அளவு தூக்கிப் பார்த்தாள்.

“ஆறுமணிக் குருவி,” என்றாள்.

பச்சை முதுகு. இறக்கையில் ஒரு கீற்று நீலம். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை. அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வால் இருக்க வேண்டிய இடத்தில் வால் என்று சொல்ல ஏதோ கொஞ்சம்.

“துணிக்கடையைக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்குதேம்மா!”

“மெதுவா.”

“துணிக்கடைம்மா,” என்றார், காற்றோடு காற்றாக.

வலது தோள் வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை. மருந்தும் ஓய்வும் கொடுத்தால் பறக்கும் என்றாள் ஜெயசீலி. ஆனால் நாள் குறைவாக இருந்தது.

“இது நம்ம ஊர்க்காரர் இல்லைங்கய்யா. குளிருக்கு வந்தது. வெயில் ஏறினதும் இதோட ஆளுங்க எல்லாம் வடக்கே கிளம்பிடும். இமயமலை அடிவாரம் வரைக்கும் போறதுங்க இருக்குது. அங்கே போய்த்தான் கூடு கட்டும்.”

“எப்போ கிளம்பும்?”

“சித்திரைக்குள்ள.”

“அதுக்குள்ள தேறலைன்னா?”

“இங்கேயே தங்கிடும். கூடு இல்லை, குஞ்சு இல்லை. தனியா.”

சென்றாயனின் உதடு அசைய ஆரம்பித்தது.

ஒரு வாரம் பெட்டி. பிறகு வலை கட்டிய பெரிய கூண்டு. தரையில் காய்ந்த இலை பரப்பியிருந்தது. சென்றாயன் தினமும் விடியும் முன்னே ஓடைக்கரைக்குப் போய் மண்புழு தோண்டிக்கொண்டு வந்தார்.

குருவி தத்தியது. இரண்டு நாளில் தாவியது. நாலாம் நாள் கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பறந்தது.

சென்றாயன் வெளியே போய், தெருவில் நின்று, கை தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

ஒரு காலையில் ஜெயசீலி கூண்டுப் பக்கம் வந்தபோது அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் மண்புழு. குருவி தத்தித் தத்தி வந்து, கையிலிருந்தே எடுத்துத் தின்றுகொண்டிருந்தது.

“பார்த்தீங்களாம்மா! என்னைத் தெரியுது இதுக்கு! தங்கராசுன்னு கூப்பிட்டதும் வருது!”

“பேர் வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே.”

“வைக்கலைம்மா.”

“தங்கராசு?”

“அது… பொதுவாச் சொல்றது.”

ஜெயசீலி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“இது நல்லதில்லைங்கய்யா.”

“என்மேல பிரியமா இருக்குதும்மா.”

“அதைத்தான் சொல்றேன். மனுஷன் இருக்கிற இடத்துலதான் கண்ணாடி இருக்குது. வடக்கே போற வழி பூரா மனுஷன் இருக்கான். ஒவ்வொருத்தனையும் சென்றாயன்னு நினைச்சுக்கிட்டுக் கிட்டே போனா?”

சென்றாயன் கையை மடக்கிக்கொண்டார். குருவி இன்னும் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப என்னம்மா பண்றது?”

“அதுக்கு உங்களை மறக்கணும்.”

“மறக்குமா?”

“நீங்க விட்டா.”

அன்று மத்தியானம் ஜெயசீலி கூண்டைச் சுற்றி ஒரு பழைய போர்வையைக் கட்டினாள். கீழே ஒரு சாண் அளவு மட்டும் இடைவெளி. சென்றாயன் இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு நீளக் கம்பால் புழுக்களை இலைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். முகம் காட்டக் கூடாது. குரல் காட்டக் கூடாது.

முதல் நாள் குருவி இடைவெளி வரைக்கும் வந்து தேடியது. போர்வைக்கு அந்தப் பக்கம் அதன் கால்கள் தெரிந்தன. சென்றாயன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாளும் வந்தது.

மூன்றாம் நாள் வரவில்லை. இலையைத் தானே புரட்டிப் புழு எடுக்கிற சத்தம் கேட்டது.

அன்று வீட்டுக்குப் போனவர் பச்சையம்மாளிடம் சொன்னார். “இன்னிக்கு அது என்னைத் தேடலை.”

“சாப்பிடுங்க,” என்றாள் பச்சையம்மாள். ஒரு தோசை கூடுதலாகப் போட்டாள்.

ஆறாம் நாள். ஜெயசீலி போர்வையை அவிழ்த்தாள்.

“இப்ப உள்ளே எட்டிப் பாருங்க.”

சென்றாயன் எட்டிப் பார்த்தார்.

குருவி அவரைப் பார்த்தது. விர்ரென்று பறந்து கூண்டின் கடைசி மூலைக்குப் போய் இலையோடு இலையாகப் பதுங்கிக்கொண்டது.

“பயப்படுதும்மா,” என்றார். “என்னைப் பார்த்துப் பயப்படுது!”

“நாளைக்கு நீங்கதான் பெட்டியைத் திறக்கறீங்க,” என்றாள் ஜெயசீலி.

சென்றாயனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

மறுநாள் சாயங்காலம் இருவரும் பெட்டியோடு நடந்தார்கள். காபித் தோட்டத்தைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, விடுதி வெளிச்சம் எட்டாத புதர்க்காடு. சித்திரை பிறக்க இன்னும் நான்கு நாள் இருந்தது.

ஜெயசீலி ஒரு மரத்தடியில் நின்றுவிட்டாள். “நீங்க போங்க.”

சென்றாயன் பெட்டியைத் தரையில் வைத்தார். புதர் பக்கமாகத் திருப்பினார். மூடியை எடுத்துப் பெட்டியை மெல்லச் சாய்த்தார்.

குருவி வெளியே வந்தது. இரண்டு தத்து தத்தியது. காய்ந்த இலைமேல் நின்றது.

சென்றாயன் மூச்சை இழுத்தார்.

“போ,” என்றார்.

சொல்லிவிட்டார். அவருக்கே நம்ப முடியவில்லை. ஜெயசீலியைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

“சொல்லிட்டேன்மா!”

“கேட்டுச்சுங்கய்யா.”

குருவி அங்கேயே நின்றது.

“போ.”

நின்றது.

“போ. கிளம்பு. நேரமாகுதில்ல? போப்பா!”

அசையவில்லை. கண் மட்டும் அவர்மேல் இருந்தது.

சென்றாயன் கலங்கிவிட்டார். “என்னம்மா, போகமாட்டேங்குதே? நான் சரியாச் சொல்லலையோ?”

“சரியாத்தான் சொன்னீங்க.”

“பின்னே ஏன் நிக்குது?”

“நீங்க போறதுக்காக நிக்குது.”

சென்றாயன் குருவியைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி.

பத்தாவது அடியில் குருவி தலையைத் திருப்பியது. இலை ஒன்றைப் புரட்டியது. பதினைந்தாவது அடியில் இறக்கையை விரித்தது. நீலம் ஒரு முறை பளிச்சென்றது. தாழப் பறந்து ஓடையைக் கடந்து புதருக்குள் போய்விட்டது.

தோளில் துளி சாய்வு இல்லை. நேரான பறத்தல்.

சென்றாயன் கையைக் கொட்டினார். குதித்தார். அறுபத்தொரு வயது என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. ஜெயசீலி கண்ணை மூடி நின்றாள்.

பிறகு அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். “கிளம்பலாங்களா?”

“ஒரு நிமிஷம்மா.”

ஒரு நிமிஷம் ஆனது.

“இன்னும் ஒரே நிமிஷம். ஒருவேளை திரும்பி எட்டிப் பார்த்துச்சுன்னா?”

ஜெயசீலி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். வெயில் மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது. சென்றாயன் புதரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது புதருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. தினமும் காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர்.

இரண்டு விசில். ஒன்றை ஒட்டி இன்னொன்று.

சென்றாயன் விறைத்து நிமிர்ந்தார்.

ஒற்றை விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். இரட்டை விசில் என்றால் எடுக்க வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் அதைக் கொடுத்தவர் அவர். அவருக்கு யாரும் கொடுத்ததில்லை.

மறுபடியும் இரண்டு விசில்.

“ரைட்!” என்றார் சென்றாயன். மலை முழுக்கக் கேட்டது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெயசீலிதான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.